ஏழாம் கவுண்ட்டர் நலம்

என் அம்மா தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஒருவர் கல்யாணத்துக்குப் போனார். போன இடத்தில் எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு இவரையே பார்த்தார்களாம். சட்டை வெள்ளை. பட்டன்களில் பாதி வெள்ளை, மீதி கத்தரிப்பூ நிறம். மறுநாள் சட்டையும் கையுமாக வந்து நின்றார்.

"கண்ணு தெரியலேன்னா தொழிலை விட்டுட வேண்டியதுதானேம்மா?"

"கண்ணு தெரியுற நீங்க போட்டுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாமே?" என்றாள் அம்மா.

கண்ணில்தான் புரை விழுந்திருந்தது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அவர் போன பிறகு அம்மா தையல் மிஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, "இந்த ஊசியில நூலைக் கொஞ்சம் கோத்துக் குடுடா" என்றாள். அப்படி அவள் யாரையும் கேட்டதே கிடையாது.

டாக்டர் பார்த்துவிட்டு, சின்ன அறுவை சிகிச்சைதான், செய்துவிட்டால் பளிச்சென்று தெரியும் என்றார். தள்ளிப்போட்டால் புரை முத்திப்போய்ச் சிக்கலாகும் என்றும் சொன்னார். "அப்ப நாளைக்கே செஞ்சுடுங்க டாக்டர்" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். செய்வதுதான் அவர் வேலையாம். தேதி கொடுப்பது தடையில்லாச் சிகிச்சை நாள் வழங்கல் இயக்ககமாம். வாய் வலிக்கும் என்று ஜனங்கள் அதைத் தேதி ஆபீஸ் என்பார்கள்.

தேதி ஆபீஸின் கதையைக் கொஞ்சம் சொன்னால்தான் நான் பட்ட பாடு புரியும். முன்பெல்லாம் அதன் இணையதளம் காலையில் படுத்தால் சாயங்காலம்தான் எழும். ஊரே ஒரே கம்ப்யூட்டரின் தலையில் ஏறி உட்கார்ந்தால் அதுதான் என்ன செய்யும்? பிறகு ஒரு இன்ஜினியர் பெண் வந்து, ஒரு சர்வர் இருந்த இடத்தில் பல சர்வர்களை வைத்து, அவற்றுக்கு முன்னால் லோட் பேலன்சர் என்ற ஒன்றை நிறுத்தினாள். வருகிற கூட்டத்தைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது அதன் வேலை. யார் தெம்பாக இருக்கிறார்கள் என்று தெரியாமல் அனுப்ப முடியுமா? அதற்காக ஒவ்வொரு சர்வரையும் விடாமல் 'நலமா?' என்று விசாரித்துக்கொண்டே இருக்கும். 'நலம்' என்று பதில் வந்தால் ஆட்களை அனுப்பும். மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால், அந்தச் சர்வர் படுத்துவிட்டது என்று ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்பும். இணையதளம் எழுந்து நின்றுவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். இயக்குநர் அதைப் பார்த்துவிட்டார்.

"மெஷின் செய்யுறதை மனுஷன் செய்ய மாட்டானா?" என்று கேட்டாராம். அடுத்த வாரமே கவுண்ட்டர்கள் இருக்கும் ஹாலிலும் அதே ஏற்பாடு வந்துவிட்டது.

இது எதுவும் தெரியாமல் நான் வீட்டில் உட்கார்ந்து இணையதளத்தில் எல்லாவற்றையும் நிரப்பினேன். கடைசிப் பக்கத்தில், "வாழ்த்துகள்! உறுதிசெய்ய நேரில் வரவும்" என்று வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, அம்மாவின் கண் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். "மதியம் வந்துடுவேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஹாலின் வாசலில் உயரமான ஸ்டூல் ஒன்றில், மைக்கும் கையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிரிப்பாளர் என்று சட்டையில் குத்தியிருந்தது. வருகிறவர்களை எந்தக் கவுண்ட்டருக்கு அனுப்புவது என்று அவர்தான் முடிவு செய்வார். ஒவ்வொரு கவுண்ட்டரிலும் ஒரு மைக், தலைக்கு மேல் ஒரு பல்பு.

"ஒண்ணு, நலமா?"

"நலம்!" பச்சை.

"ரெண்டு, நலமா?"

"நலம்!" பச்சை.

கடைசிக் கவுண்ட்டர் வரைக்கும் போய், மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். கவுண்ட்டரில் இருந்தவர்களோ ஒரு வாக்கியத்தை முழுசாக முடித்ததாகத் தெரியவில்லை. "உங்க அப்பா பேர் என்... நலம்! பேர் என்னங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்துக் கவுண்ட்டரில் ஒருவருக்குத் தகப்பனார் பெயர் நலம் என்றே பதிவாகிவிட்டது. அவர் திருத்தச் சொன்னார். திருத்தம் செய்ய வேறு நாள் வரவேண்டுமாம்.

என்னை ஏழாம் கவுண்ட்டருக்கு அனுப்பினார்கள். அங்கே கண்ணாடி போட்ட ஒரு அக்கா இருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஹாலிலேயே என் முகத்தைப் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான். ரிப்போர்ட்டைப் படித்தார். "ஐயோ, ரொம்ப முத்திடுச்சே, தம்பி. இருங்க, ஆஸ்பத்திரியையே கேட்டுடறேன்" என்று போனை எடுத்தார். எதிர்முனையில் யாரோ காலியாக உள்ள நாட்களைச் சொல்லச் சொல்ல, ஒரு கையால் டைப் அடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு, நலமா?"

அக்கா கையை உயர்த்திக் காட்டினார்.

"ஏழு, நலமா?"

இன்னும் உயரமாகக் காட்டினார். கையெல்லாம் கணக்கில் வராது, வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி.

"ஏழு, நலமா?"

பல்பு சிவப்பாகிவிட்டது. எங்கிருந்தோ இரண்டு பேர் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லடா, விடுங்கடா, போன்ல இருக்கேன்!" என்றார் அக்கா.

"விதிப்படி நீங்க படுத்துட்டீங்க, அக்கா. உடம்பை அலட்டிக்காதீங்க" என்று அவரைத் தூக்கி உட்காரவைத்து, அவர் கம்ப்யூட்டரையும் போனையும் மடியில் வைத்து, ஹாலின் பின்பக்கம் திரைக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது, "தம்பி, பாதி ஆயிடுச்சு, போயிடாதீங்க!" என்று கத்தினார். திரைக்கு மேலே, எருமை மாட்டுக்கே தெரிகிற எழுத்தில், 'ஒதுக்கப்பட்டோர் பகுதி. பொதுமக்கள் நுழையக் கூடாது' என்று எழுதியிருந்தது.

அம்மாவின் ரிப்போர்ட் கவுண்ட்டர் மேஜையிலேயே கிடந்தது. அதை எடுக்கலாம் என்று உள்ளே போனேன். காலையிலிருந்து நின்ற கால், நாற்காலியைக் கண்டதும் தானாக மடங்கிவிட்டது. நான் செய்த தப்பு அதுதான்.

ஒதுக்கிவைத்த கவுண்ட்டரையும் விசாரிப்பதை நிறுத்த மாட்டார்களாம். ஒருவேளை எழுந்து வந்துவிட்டால்?

"ஏழு, நலமா?"

தினமும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'உள்ளேன் ஐயா' வாங்குகிறவன் நான். கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது எனக்கு ரத்தத்தில் ஊறிப்போனது. அதுவும் போக, ஒரு மனுஷன் நலமா என்று கேட்டால் நலம் என்று சொல்வதுதானே மரியாதை?

"நலம் ஐயா!" என்றேன்.

தலைக்கு மேல் பச்சை எரிந்தது. "எல்லாரும் ஏழுக்குப் போங்க!" என்றார் பிரிப்பாளர்.

முதலில் ஒரு அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. நானும் உங்களை மாதிரி வந்தவன்தான்" என்றேன்.

"பரவாயில்லப்பா. நாலாம் கவுண்ட்டர்லயும் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. நீயாவது அம்மான்னு கூப்பிட்டுச் சொல்றே" என்று ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போனார்.

இன்னொரு விதியும் இருந்தது. யார் சீக்கிரம் பதில் சொல்கிறார்களோ அவர்களிடம்தான் ஆட்கள் அதிகம் போவார்கள். மற்ற கவுண்ட்டர்களில் கொஞ்சமாவது வேலை நடந்ததால், பதில் வரத் தாமதமானது. எனக்கு ஒரு வேலையும் இல்லை. கேட்டு முடிப்பதற்குள் நலம் என்பேன். ஆகவே வாசலில் நுழைந்தவர்கள் எல்லாம் என்னிடமே வந்தார்கள். வரிசை ஹாலைத் தாண்டி மாடிப்படிக்குப் போனது.

எட்டிப் பார்த்துப் பிரிப்பாளரிடம் கத்தினேன். "சார், நான் இங்க வேலை செய்யறவன் இல்ல!"

"நான் அதைக் கேக்கலையே. நலமான்னுதானே கேட்டேன்?"

"சரி, இனிமே பதில் சொல்லல. என்னை ஒதுக்கிடுங்க."

"இப்ப சொன்னதே பதில்தானே?" என்றார். "எழுந்து போகணும்னா போலாம். புதுசா ஆள் அனுப்ப மாட்டேன். ஆனா முன்னாடி நிக்கறவங்களை முடிச்சுட்டுத்தான் போகணும். பாதியில விட்டுட்டுப் போறது அநாகரிகம்."

மாடிப்படியைப் பார்த்தேன். முடித்துவிட்டுப் போவதென்றால் ரிடையர் ஆகித்தான் போக முடியும். "அந்த அக்காவையாவது பாக்கணும், சார். எங்க அம்மாவோட தேதி அவங்ககிட்ட பாதியில நிக்குது."

"படுத்தவங்ககிட்ட ஆளை அனுப்பக் கூடாது, தம்பி. அதுக்குத்தானே இவ்வளவு ஏற்பாடும்?"

தகராறு செய்தால் அம்மாவின் பெயரையே அடித்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டு, நலம் சொல்ல மட்டும் திறந்தேன்.

மதியவாக்கில் இயக்குநர் வந்தார். வேறு இலாகாவிலிருந்து வந்த விருந்தாளிகளும் அந்த இன்ஜினியர் பெண்ணும் கூட வந்தார்கள். இயக்குநர் மெதுவாக நடந்து வந்து என் தோளில் கை வைத்தார்.

"இதோ, ஏழாம் கவுண்ட்டர். காலையிலேருந்து ஒரு தடவைகூடத் தவறல. வேலைங்கற ஒண்ணு குறுக்கே வராத அளவுக்கு அர்ப்பணிப்பு. முன்னாடியெல்லாம் நம்ம ஊழியர்கள் வேலையில மூழ்கிக் கிடப்பாங்க. மூழ்கினவன் குரல் குடுப்பானா? அவன் இருக்கானா செத்தானான்னு எனக்கு எப்படித் தெரியும்? இப்ப எந்நேரமும் எல்லாரும் இருக்காங்க. இருக்கறதுதான் சேவை. அதுக்கு மேல எதிர்பார்த்தா பேராசை."

விருந்தாளிகள் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும், "இன்னைக்கு எத்தனை பேருக்குத் தேதி குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டார்.

"அது வேற பிரிவு. அவங்க படுத்திருக்காங்க" என்றார் இயக்குநர்.

இன்ஜினியர் பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "சார், சர்வர்கிட்ட நாங்க நலமான்னு மட்டும் கேட்டு விட்டுடறதில்ல. ஒரு பொய் நோயாளியை அனுப்பி, தேதி போட முடியுதான்னு பாப்போம். அப்பதான் அது நிஜமாவே வேலை செய்யுதான்னு தெரியும். போட்ட தேதியை உடனே அழிச்சுடு..."

"அருமை!" என்றார் இயக்குநர். பாதிக்கு மேல் காது கொடுக்கும் பழக்கம் அவருக்குக் கிடையாது.

அப்புறம் நடந்ததை எந்த வாயால் சொல்வேன்! ஆபீஸின் டிரைவர்கள், தோட்டக்காரர், இயக்குநரின் மைத்துனர் எல்லாரும் சோதனை நோயாளிகள் ஆனார்கள். விசாரிப்பு தாமதமாகக் கூடாது என்பதால் அவர்களுக்கு வரிசை கிடையாது. கவுண்ட்டர் கவுண்ட்டராகப் போய் எல்லா வியாதிக்கும் தேதி வாங்கினார்கள். வாங்கியதை அழிக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் சுவரில் இருந்த பெரிய திரையில், இந்தப் பருவத்துக்கான கண் சிகிச்சை நாட்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன என்று வந்தது. ஊசியும் நூலுமாக மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாதான் கண்ணுக்குள் வந்தாள்.

என்னிடமும் தோட்டக்காரர் வந்தார். "கண்ணு மங்கலா இருக்கு, தேதி குடுங்க" என்றார்.

வயிற்றெரிச்சலில், "வியாழக்கிழமை வாங்க" என்றேன்.

"ஏழு நிஜமாவே வேலை செய்யுது!" என்று அவர் குரல் கொடுத்தார். என் பல்புக்குப் பக்கத்தில் இன்னொரு பச்சைப் பல்பு மாட்டினார்கள்.

அப்போதுதான் வாசலில் அம்மாவைப் பார்த்தேன். மதியம் வருவேன் என்ற மகனைக் காணோம் என்று தேடிக்கொண்டு வந்துவிட்டாள். கதவு பக்கம் இருந்த பூந்தொட்டியிடம், "கொஞ்சம் வழி விடுங்க" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் சுற்றிக்கொண்டு வந்தாள்.

"ஏழுக்கு நேரா போங்கம்மா" என்றார் பிரிப்பாளர்.

அம்மா நேராகப் போகவில்லை. நின்று தலையைச் சாய்த்து எதையோ கேட்டாள். பிறகு திரும்பி, எருமை மாட்டெழுத்து போர்டுக்குக் கீழே புகுந்து, திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். "அம்மா, அங்க போகாதே!" என்று நான் கத்தியது மாடிப்படிக் கூச்சலில் போயே போய்விட்டது.

என்ன ஆகப்போகிறதோ என்று நகத்தைக் கடித்துக்கொண்டு, நடுநடுவே நலம் சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் திரை விலகியது. கண்ணாடி அக்கா சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, அம்மாவைக் கைப்பிடித்து அழைத்து வந்தார். அம்மாவின் கையில் ஒரு சீட்டு.

"ஏழு, நலமா?"

"நலம்!"

அம்மா சட்டென்று நின்றாள். "இது என் புள்ள குரலாச்சே!" கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தடவிப் பார்த்து, என் காதைச் சரியாகப் பிடித்தாள். "ஏன்டா, மதியம் வரேன்னு போனவன் இங்க உக்காந்து என்னடா பண்றே?"

"அம்மா, விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க. நீ ஏம்மா அங்க போனே?"

"இங்க ஒரே கத்தலா இருந்துது. அங்கதான் வேலை நடக்கற சத்தம் கேட்டுது. மிஷின்ல உக்காந்து பழகினவளுக்கு அது தெரியாதா? தேதி போட்டுக் குடுத்துட்டாங்க."

"தேதியா? தீந்துபோச்சுன்னு போட்டிருக்கே!"

அக்கா சிரித்தார். "யாரோ ஒரு டிரைவர் பேர்ல இருந்துது, தம்பி. போன் பண்ணிக் கேட்டேன். கண்ணு கழுகு மாதிரி தெரியுதாம். அவரை எடுத்துட்டு உங்கம்மாவைப் போட்டுட்டேன். என்னை ஒதுக்கினதுலேருந்து யாரும் எதுவும் கேக்கறதில்ல. வேலை மடமடன்னு ஓடுது."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அக்காவைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"ஏழு, நலமா?"

"நலம்!" பழக்கதோஷம்.

"என்னடா நலம்?" என்றாள் அம்மா. "காலையிலேருந்து சாப்பிட்டியா?"

"இல்லம்மா."

"தண்ணியாவது குடிச்சியா?"

"இல்லம்மா."

"அப்புறம் என்ன பெரிய நலம்?"

"ஏழு, நலமா?" என்றார் பிரிப்பாளர் மறுபடியும். அம்மா கையால் துழாவி என் முன்னால் இருந்த மைக்கைப் பிடித்தாள்.

"நலமா இருந்தா நாங்க ஏன்யா இந்தப் பக்கம் வரப்போறோம்?"

மாடிப்படியில் யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். கவுண்ட்டர்களில் இருந்தவர்களுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரிப்பவன் எப்படி நலம் சொல்வான்? ஒன்று சிவப்பு, இரண்டு சிவப்பு, மூன்று சிவப்பு. சக்கர நாற்காலிகள் போதாமல், டீ கொண்டுவரும் தள்ளுவண்டியிலெல்லாம் ஊழியர்களைக் கம்ப்யூட்டரோடு ஏற்றித் திரைக்குப் பின்னால் கொண்டுபோனார்கள். போனவர்கள் அங்கே நிம்மதியாக உட்கார்ந்து டைப் அடிக்க ஆரம்பித்தார்கள். சத்தம் கேட்டு ஜனங்களும் பின்னாலேயே போனார்கள்.

காலி ஹாலில் இயக்குநர் நின்று சிவப்புப் பல்புகளைப் பார்த்தார். "எல்லாமே படுத்துட்டா லோட் பேலன்சர் என்னம்மா பண்ணும்?" என்று இன்ஜினியர் பெண்ணிடம் கேட்டார்.

"விசாரிப்புலதான் ஏதோ கோளாறுன்னு எடுத்துக்கிட்டு, எல்லாரும் நலம்னு வெச்சு ஆளை அனுப்பும், சார்."

"அப்ப எல்லாம் நலம்!" என்று கர்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.

அம்மாவுக்கு அறுவை சிகிச்சை ஒழுங்காக நடந்தது. ஆனால் அதற்குள் இயக்குநரின் புகழ் ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துவிட்டிருந்தது. கட்டுப் பிரிக்கும் நாளன்று ஒரு நர்ஸ் வாசலில் நின்றுகொண்டு, தலைமாட்டில் பல்பு மாட்டிய ஒவ்வொரு கட்டிலாகக் கூப்பிட்டார். கண்ணில் கட்டோடு படுத்திருந்தவர்கள் எல்லாம் வரிசையாக நலம், நலம் என்றார்கள். அம்மாவின் முறை வந்தது.

"நலமா?"

"கட்டைப் பிரிங்கம்மா. பாத்துட்டுச் சொல்றேன்."

"சும்மா நலம்னு சொல்லிடுங்கம்மா. பச்சை எரியணும்."

"எரியட்டும், பொறு" என்றாள் அம்மா.

டாக்டர் வந்து கட்டைப் பிரித்தார். அம்மா கண்ணைக் கொட்டிக் கொட்டிப் பார்த்தாள். தன் பையைத் துழாவி ஊசியையும் நூலையும் எடுத்தாள். "ஐயோ, ஊசியா!" என்று நர்ஸ் பதறினார். அம்மா நூல் நுனியை வாயில் வைத்து ஈரமாக்கி, ஊசியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் தடவை நூல் வழுக்கி வெளியே போனது. இரண்டாம் தடவை அது பாட்டுக்கு உள்ளே போய் மறுபக்கம் வந்தது.

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். பிறகு என் சட்டையைப் பார்த்தாள். நீலச் சட்டையில் இரண்டு கத்தரிப்பூ நிறப் பட்டன்.

"என்ன கண்றாவிடா இது? யாரு தைச்சது?"

"நீதாம்மா."

அம்மா நர்ஸ் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எழுதிக்கோம்மா, நலம்னு" என்றாள். "டேய், சட்டையைக் கழட்டு."